சரித்திரம் சேர்விடாப்பில் இருக்கிறது

(மட்டக்களப்பு நகரில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியது.)

அதிபர்மாரே, ஆசிரியப் பெருமக்களே, வேறு வேறு பாடசாலைகளில் படித்துவிட்டு இன்றைக்கு ஒரே பந்தலுக்குள் அடங்கியிருக்கும் பழைய மாணவர்களே, பின்வரிசையில் சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, எமது பாடசாலைகளின் வரலாறும் மரபும். மட்டக்களப்பில் இது கொஞ்சம் ஆபத்தான தலைப்பு. மெதடிஸ்த மத்திய கல்லூரிக்காரர் 1814 என்று தொடங்குவார். வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலைக்காரர் 1820 என்பார். புனித மிக்கேல் கல்லூரிக்காரர் 1873 என்று சொல்லிவிட்டு, "ஆனா பாஸ்கட்போல் எண்டு வந்தால்..." என்று இழுப்பார். சிவானந்தாக்காரர் ஒன்றும் பேசமாட்டார், விபுலானந்தர் படத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். (சிரிப்பு.) இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தொடங்கிய வருடத்தை வாசற்பலகையில் பார்த்துக்கொள்ளலாம். அந்த வருடத்துக்கும் இன்றைக்கும் இடையில் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடாமல் வைத்திருந்தவர்கள் யார்? எனக்கு அதுதான் கேள்வி.

மெதடிஸ்த மத்திய கல்லூரியைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் போதகரையே எடுங்கள். 1813 கடைசியில் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிமார் இங்கிலாந்தில் கப்பலேறினார்கள். வழியில் ஓல்டின் மனைவி கடலிலேயே காலமானார். அவர்களை அழைத்து வந்த தலைவர் தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி இந்து சமுத்திரத்தில் இறந்துபோனார். மிஞ்சியவர்கள் ஜூன் கடைசியில் காலியில் இறங்கி, யார் எங்கே போவது என்று கூடிப் பேசினார்கள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர். மட்டக்களப்புக்கு ஓல்ட் மட்டும்தான்.

மனைவியை இழந்து அரை வருடம்கூட ஆகாத மனிதர். பாஷை தெரியாது. வந்து இறங்கிய இடம் புளியந்தீவு. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை, அதற்குள் பிரித்தானியக் காவற்படை, சுற்றிவர வாவி. கல்லடிப் பாலம் வந்தது 1924இல்தான், ஆகவே அக்கரைக்குத் தோணி. மலைநாட்டில் அப்போதும் கண்டி அரசன் இருந்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு அந்த அரசு முடிந்தது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 1ஆம் திகதி, ஓல்டும் முடிந்துபோனார். அவர் இந்த ஊரில் இருந்த காலம் ஒன்பது மாதம்கூட வராது.

அந்தக் காலத்துக்குள் எட்டுப் பாடசாலைகளைத் தொடங்கினார் என்பது மெதடிஸ்தர் சொல்லிவரும் கணக்கு. நான் அதை நம்புகிறேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். காய்ச்சலும் தனிமையுமாக இருந்த ஒரு மனிதர், தமிழ் எழுத்துப் பழகிக்கொண்டே, தோணியிலும் கால்நடையாகவும் அலைந்து, எட்டு இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அரிவரி சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா? அவர் வருவதற்கு முன்பே இந்த ஊரில் திண்ணையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவித்தவர்கள் இருந்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் தெரிந்தவர்கள். அவர்களில் சிலரைக் கூட்டிச் சேர்க்காமல் இந்த வேலை நடந்திருக்க வழியில்லை. ஓல்ட் கண்மூடிய அடுத்த நாள் பிள்ளைகள் வந்தபோது பாயை விரித்துவைத்தவரும் அப்படி ஒருவராகத்தான் இருக்கவேண்டும். ஓல்டுக்கு நாம் சிலை வைத்திருக்கிறோம், வைக்கவேண்டியதுதான். பாயை விரித்தவருக்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை.

இனி விபுலானந்த அடிகள். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்தார். பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி. பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தி. அதே கல்லூரியில் ஆசிரியர். பிறகு கொழும்பு, யாழ்ப்பாணம், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர், மயிலாப்பூரில் துறவு. திரும்பி வந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1929இல் அது திறக்கப்பட்டது. மெதடிஸ்தரிடம் எழுத்துப் பழகி, கத்தோலிக்கரிடம் விஞ்ஞானம் படித்து, இராமகிருஷ்ண மிஷனுக்காகப் பள்ளிக்கூடம் கட்டிய மனிதரை எந்தப் பாடசாலைக் கணக்கில் எழுதுவது? பெரும் போட்டி நாளில் ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுங்கள், தப்பில்லை. ஆனால் மற்றப் பாடசாலை உங்களுக்கு அந்நியம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அடிகளார் கேட்டால் சிரிப்பார்.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி வந்ததையும், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் கிராமங்களுக்கு வந்ததையும் நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நீட்டவில்லை. வந்தாறுமூலையைப் பற்றி மட்டும் ஒன்று. அங்கே மத்திய கல்லூரி இருந்த வளவில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. வயலுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடம் தன் வளவையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அதைப் போல இன்னொரு பழைய மாணவர் நன்கொடையை எனக்குக் காட்டுங்கள்!

1960, 61இல் மதச் சபைகள் நடத்திவந்த உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இனி எல்லாம் போச்சு என்று பயந்தவர்கள் உண்டு. சில விஷயம் போனதும் உண்மை. ஆனால் மிஷன் பெயர் வாசலில் இருக்க, உள்ளே நவராத்திரிக்கு அவலும் கடலையும் பங்கிடுவதை இந்த ஊரில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மரபு என்று சொன்னால் எனக்கு இந்த அவல்தான் முதலில் ஞாபகம் வரும், கழுத்துப்பட்டி இல்லை.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய மரதன் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை, இன்னும் பனி விலகவில்லை. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர், விசில் வாயில். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு வாளி தண்ணீர், குளுக்கோஸ் கரைத்த கோப்பைகள், "இன்னும் கொஞ்சம்தான் மனே, ஓடு ஓடு" என்று யாரோ ஒரு பெரியம்மா. அவவின் பிள்ளை எந்த இல்லம், எந்தப் பள்ளிக்கூடம் என்பது அவவுக்கே முக்கியமில்லை. மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் பாஸ்கட்போலை வளர்த்த கதை தெரியும்தானே. வெபர் அடிகளார் பெயரில் மைதானம் இருக்கிறது. பயிற்றுவித்த ஹெபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞனோடு காணாமற்போனார். இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. அந்த விளையாட்டைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் கதை பாதி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சில காலத்துக்கு முன் கிராமத்துப் பழைய பாடசாலை ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு சேர்விடாப்பை, அதாவது பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் பதிவேட்டை, புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அடையாளம் தெரியாமல் கிடந்த கொப்பி. முதுகுத்துணி கழன்று, ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. சேர்விலக்கம், பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர், தொழில், முன்பு படித்த பாடசாலை என்று நிரல் நிரலாகப் போகும். கடைசி நிரல், விலகிய காரணம்.

அந்த ஒரு நிரலை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தேன். பழைய பக்கங்களில் பெண்பிள்ளைகளுக்கு நேரே "வயது வந்தமை", ஆண்பிள்ளைகளுக்கு நேரே "வயல் வேலை". கொஞ்சம் கீழே வந்தால் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று தங்கத் தொடங்குகிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு பல மாதத்துக்குப் பதிவே இல்லை, கூரை இல்லாத பள்ளியில் யார் இடாப்பு எழுதுவது? பிறகு வேறொரு கையெழுத்து, வேறொரு மை. போர் நடந்த 1990இல் பக்கம் முழுக்க ஒரே சொல், "இடம்பெயர்வு". எழுதியவர் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு சொல்லை எழுதாமல் மேற்படிக் குறி மட்டும் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில பெயர்களுக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த ஆசிரியருக்குக் காரணம் தெரியாமலா இருந்திருக்கும்?

பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், "இதில என்ன கிடக்கு சேர், கறையான் திண்டது போக மிச்சம்தானே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தின் சரித்திரத்தை இவ்வளவு நேர்மையாக எழுதிய வேறு ஒன்றை நான் வாசித்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலைச் சேர்விடாப்பும், பாடசாலை நிகழ்வுகளை அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டும் எங்கே இருக்கின்றன என்று திங்கட்கிழமை அதிபரிடம் போய்க் கேளுங்கள். பல இடங்களில் அவை உடைந்த மேசைக்கு அடியில் இருக்கும். நல்ல இரும்பு அலுமாரி ஒன்று, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள், பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறது, இதை அவர்களே செய்வார்கள். பழைய பாடசாலைச் சஞ்சிகைகளை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் அவர்கள் இணையத்தில் எல்லோரும் வாசிக்கப் போடுவார்கள். சேர்விடாப்பை மட்டும் அப்படிப் போடவேண்டாம். அதில் உயிரோடு இருப்பவர்களின் வறுமையும் வீட்டுக் கதையும் இருக்கிறது. அதன் பிரதி பாடசாலைக்குள்ளேயே இருக்கட்டும், ஆராய வருபவர் அதிபரின் அனுமதியோடு பார்க்கட்டும்.

இங்கே வந்திருக்கும் சங்கங்களில் ஒன்று வாசலில் பெரிய வளைவு கட்டப் பணம் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வருகிறவர்கள் நின்று படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன்னே அலுமாரிக்கான காசை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வளைவு ஒரு முழம் பதிந்து நின்றாலும் வாகனம் போகும்.