இன்னொரு படம் எதற்கு?
(மலேசியாவின் பாகான் டத்தோ ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். மூளையில், இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும் அதை வடிக்கும் சிரையும் பின்னிய முடிச்சு இருக்கிறது என்று தெரிந்தவுடன், "சி.டி. எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, தொடை வழியே குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் வேறு எதற்கு, டாக்டர்?" என்றுதான் குடும்பத்தார் என்னிடம் கேட்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு விடை சொல்லவே வந்திருக்கிறேன்.

இயல்பான மூளையில் தமனி கிளைகிளையாகப் பிரிந்து, மயிரினும் மெல்லிய தந்துகிகளில் வேகம் தணிந்த பிறகே இரத்தம் சிரையைச் சேரும். இந்த முடிச்சில் தந்துகிகள் இல்லாததால், தமனியின் அழுத்தம் மெல்லிய சுவருடைய சிரைமீது நேராக விழுகிறது. கடலோரக் கரையையும் தண்ணீர்க் கதவையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதன் ஆபத்து எளிதில் விளங்கும். உள்ளே நீர் வந்துகொண்டிருக்கும்போது வெளியேறும் கதவை அடைத்தால் கரைதானே உடையும்? அறுவையிலும் ஊட்டும் தமனிகளை முதலில் அடைத்து, வடிக்கும் சிரையை இறுதியில்தான் கட்ட வேண்டும். வரிசை மாறினால் முடிச்சு அங்கேயே வெடிக்கலாம்.

இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதைச் சி.டி. சில நிமிடங்களில் சொல்லிவிடும். பேச்சையும் கைகால் அசைவையும் ஆளும் பகுதிகளுக்கு முடிச்சு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். ஆனால் வரிசையை வகுக்க ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். 1927இல் லிஸ்பனில் போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராம், சாயமருந்து செல்லும் நொடிகளை அடுத்தடுத்துப் படமெடுத்து, எந்தத் தமனி முதலில் நிறைகிறது, எந்தச் சிரை வழியே வடிகிறது என்பதைக் கண்முன் நிறுத்துகிறது. இந்தச் சோதனையால் நிலையான பாதிப்பு ஏற்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. ஆயினும் அதை மறைக்காமல் சொல்வதே முறை.

முடிச்சு 3 சென்டிமீட்டருக்குக் குறைவா, 6க்கு மேலா, முக்கியப் பகுதியில் உள்ளதா, ஆழ்ந்த சிரைகளில் வடிகிறதா என்று 1986 முதல் வழக்கிலுள்ள, அறுவையின் ஆபத்தை மதிப்பிடும் தரவரிசை கேட்கும் கேள்விகளுக்கும் இந்தப் படங்களே விடை தருகின்றன. அறுவையா, கதிர்வீச்சா, தொடாமல் கண்காணிப்பதா என்பதை, நோயாளியின் வயதையும் முன்பு கசிந்ததா என்பதையும் சேர்த்து எண்ணியே முடிவு செய்கிறோம். கதிர்வீச்சில் முடிச்சு மூட 2, 3 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கசியும் ஆபத்து நீங்காது. எம்.ஆர்.ஐ.யில் முடிச்சு மறைந்த பிறகும் ஆஞ்சியோகிராமில் உறுதி செய்கிறோம்.

வரும்போது அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த வட்டையும் தவறாமல் கொண்டு வாருங்கள். சிறுநீரகக் கோளாறோ, சாயமருந்து முன்பு ஒவ்வாமல் போனதோ இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.