கண் பாராதபோதும் கை அறிய வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

தொடுதிரை வந்தபின் கருவிகள் எளிதாகிவிட்டன என்கிறோம். யாருக்கு எளிதாயின என்று கேட்பதுதான் பயனர் மைய வடிவமைப்பின் முதல் வேலை. பல இடங்களில் எளிமை கிடைத்தது தயாரிப்பவருக்கே என்பது என் கணிப்பு. பொத்தானை இடம் மாற்ற வேண்டுமானால் பலகையையே புதிதாகச் செய்ய வேண்டும், திரையிலோ நிரலைத் திருத்தினால் போதும்.

கையால் தொட்டறியும் வடிவமைப்புக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1992-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் டரல் பிஷப் என்ற வடிவமைப்பாளர், அழைப்பை எடுக்க ஆளில்லாதபோது பேசுபவரின் செய்தியைப் பதிந்துவைக்கும் ஒரு தொலைபேசிப் பதிவுக் கருவியை வடிவமைத்தார். செய்தி வரும்போதெல்லாம் ஒரு கோலிக்குண்டு உருண்டு வெளியே வரும். அதைக் கருவியின் குழியில் இட்டால் செய்தி ஒலிக்கும், தொலைபேசியில் வைத்தால் பேசியவருக்கே அழைப்பு போகும். எத்தனை செய்திகள் காத்திருக்கின்றன என்பதை அறையைக் கடந்து செல்பவரும் அறிவார். 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும், தரவுக்குக் கையில் பிடிக்கும் உருவம் வேண்டும் என்ற கருத்தை ஓர் ஆய்வுத்துறையாகவே வளர்த்தெடுத்தனர்.

இது வெறும் அழகியல் அன்று. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூர் அருகே, அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் மாலுமிகள் 10 பேர் இறந்தனர். தொடுதிரை வழியாக வேகக் கட்டுப்பாட்டை மட்டும் அடுத்த இருக்கைக்கு மாற்ற முயன்றபோது, சுக்கானின் கட்டுப்பாடும் சேர்ந்து அங்கே சென்றுவிட, சுக்கான் செயலிழந்துவிட்டதாகக் கப்பலை ஓட்டியவர் கருதினார். இரு உந்துவிசிறிகளின் வேகமும் ஒன்றாக மாறும்படி திரையில் இணைக்கப்படாமல் இருந்ததால், வேகத்தைக் குறைத்தபோது ஒரு பக்கம் மட்டுமே குறைந்து, கப்பல் திரும்பியது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நெம்புகோல்களாக அந்த வேகக் கட்டுப்பாடுகள் இருந்திருந்தால், ஒன்று பின்தங்கி நிற்பதை அருகில் நின்ற எவரும் கண்டிருக்கலாம். பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் பெருங்காரணங்கள் என்று விசாரணை அறிக்கை கூறியது உண்மைதான். ஆனால் கைக்கு எதுவும் உணர்த்தாத திரையையும் அது குறைகூறாமல் விடவில்லை. பின்னர் மாலுமிகளிடமே கருத்துக் கேட்ட கடற்படை, 2019-இல் நெம்புகோல்களுக்குத் திரும்ப முடிவு செய்தது. கப்பலைக் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதற்காகக் கண்ணாடித் திரையை ஒதுக்கிவிட முடியாது. வழவழப்பான திரை பார்வையற்றோருக்கு முற்றிலும் மூடிய கதவு என்றே பலரும் எண்ணியிருக்க, 2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பு வசதி வந்தது. விரல் நகரும் இடத்தில் இருப்பதைக் குரல் சொல்லும். இருமுறை தட்டினால்தான் அது திறக்கும். அதாவது, தொடுவதும் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு செயல்களாகப் பிரிக்கப்பட்டன. விரலால் துழாவித் தேடுபவருக்கு அந்தப் பிரிவு இன்றியமையாதது. இந்த வசதியைப் பயன்படுத்துவோர் திரையின் ஒளியை முழுவதும் அணைத்துவிட்டும் தொலைபேசியை இயக்கலாம்.