லாம்டன் விடுதியில் ஒரு கடிதம்

அவையோருக்கு வணக்கம்.

ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813 ஜனவரியில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. எழுதியவர் பெயர்கூட அதில் போடவில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் நாயகி எலிசபெத் பென்னட்டையும் நாயகன் டார்சியையும் இன்று யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். ரசிகர்கள் எழுதிக் குவிக்கும் மறுபுனைவுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் பிறந்தவை: அன்றைக்கு அது மட்டும் வேறு மாதிரி நடந்திருந்தால்? கல்யாணத்துக்குப் பிந்தைய கதையை எழுதுவது வேறு வேலை. அதை இன்று விட்டுவிடுகிறேன்.

மூலக்கதையில் கை வைப்பது ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். அங்கிருந்து என்னென்ன சரிகிறது என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். 61 அத்தியாயங்களில் கதை திரும்பும் இடங்கள் அதிகமில்லை. மூன்றில் மெரிட்டன் நடனத்தில் எலிசபெத்தைப் பற்றி டார்சி உதிர்த்த அவமானச் சொல். பதினெட்டில், டார்சியின் நண்பன் பிங்லி குடியிருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடனம். 34-இல் ஹன்ஸ்ஃபர்ட் பாதிரியார் வீட்டில் டார்சி மணம் கேட்க, எலிசபெத் மறுப்பது. 35-இல் அவன் கடிதம். 46-இல், டார்சியின் பெம்பர்லி மாளிகைக்கு அருகிலுள்ள லாம்டன் ஊர்.

புதிதாக எழுத வருபவர்கள் மூன்றாம் அத்தியாயத்துக்குத்தான் பாய்கிறார்கள். டார்சியைக் கொஞ்சம் மரியாதையாகப் பேசவைத்துவிட்டால் போதும் என்று நினைப்பு. பத்தாவது அத்தியாயத்துக்குள் இருவருக்கும் பிடித்துப்போய்விடும், அப்புறம் எழுத எதுவும் இருக்காது. பக்கத்தை நிரப்ப, பிங்லியின் சகோதரி கரோலினை விஷம் வைக்கிற வில்லியாக்குவார்கள், எலிசபெத்தின் தாய் பென்னட் அம்மாளைக் கொடுமைக்காரியாக்குவார்கள். டார்சி மாறுவதற்குக் காரணம் ஹன்ஸ்ஃபர்ட் மறுப்பு ஒன்றுதான். 'நீங்கள் கண்ணியமானவராக நடந்துகொண்டிருந்தால்' என்று அவள் சொன்னது மாதக்கணக்கில் தன்னை வதைத்தது என்று 58-ஆம் அத்தியாயத்தில் அவனே ஒப்புக்கொள்கிறான். அந்த அடியை நீக்கினால், அதே வலுவோடு வேறொன்றை வேறெங்காவது வைத்தாக வேண்டும்.

'கட்டாயக் கல்யாணம்' என்ற வகைக்கு வாசகர் கூட்டம் அதிகம். நெதர்ஃபீல்டில் இருவரும் தனியாக இருந்ததை யாரோ பார்த்துவிடுகிறார்கள், ஊர் வாயை மூட மணம் முடிக்கவேண்டும். அந்த நடனம் நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை என்பது நாவலிலேயே கிடைக்கிறது. 1811-இன் நாள்காட்டி அதற்குப் பொருந்தும். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்கவேண்டும் என்றால் டிசம்பர் 15-க்கு முன் திருமணம் இல்லை. உரிமம் வாங்கி அவசரமாக முடிக்கலாம். ஆனால் எலிசபெத்துக்கு 21 வயது நிரம்பவில்லை. 1753-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பா சம்மதிக்கவேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாலைத் திருமணம் எழுதுகிறவர்கள் கவனிக்க: அக்காலத்தில் ஆர்ச்பிஷப் தரும் சிறப்பு உரிமம் இல்லாவிட்டால் பகல் 12 மணிக்குள் முடித்தாக வேண்டும். இந்த வகையில் மறுப்பு ஒழிவதில்லை, கல்யாணத்துக்குப் பிறகு வருகிறது, அவ்வளவுதான். டார்சி தனக்கு அநியாயம் செய்தான் என்று அவளை நம்பவைத்த ராணுவ அதிகாரி விக்கமைப் பற்றிய உண்மையைக் கணவனே சொன்னாலும் அவள் ஏன் நம்பவேண்டும்? அந்தப் பதில் கையில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

என் கருத்தில் கைவைக்க மிக நல்ல இடம் லாம்டன். கதையில் இருப்பதை முதலில் துல்லியமாகப் பார்ப்போம். எலிசபெத் லாம்டன் விடுதியில் தங்கிய மூன்றாம் நாள் காலையில், தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போனதைச் சொல்லி அக்கா ஜேனிடமிருந்து இரண்டு கடிதங்கள் ஒன்றாக வருகின்றன. முகவரியை மோசமாக எழுதியிருந்ததால் முதல் கடிதம் வேறெங்கோ போய்த் திரும்பி வந்தது. அவளோடு பயணம் வந்த கார்டினர் மாமாவும் அத்தையும் அவள் நிதானமாகப் படிக்கட்டும் என்று வெளியே நடக்கப் போய்விடுகிறார்கள். படித்து முடித்து வாசலுக்கு ஓடும்போது டார்சி நுழைகிறான். அறையில் வேறு யாருமில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

இப்போது ஜேனின் கையெழுத்தை மட்டும் திருத்துங்கள். முதல் கடிதம் உரிய நாளில் வந்துவிடுகிறது. அது வந்ததுமே எலிசபெத்தை ஊருக்கு ஓடவிடுகிறவர்கள் உண்டு. தவறு. முதல் கடிதத்தில் லிடியா விக்கமோடு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டாள் என்றுதான் இருக்கிறது. அவமானம்தான், ஆனால் மணமாகிவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவர்கள் லண்டனைத் தாண்டவே இல்லை என்ற சேதி இரண்டாவதில்தான் வருகிறது. ஆகவே மூன்று பேரும் தபாலுக்காகக் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலை மாமாவும் அத்தையும் நடக்கப் போகமாட்டார்கள். டார்சி அதே நேரத்துக்கு வருகிறான், அறையில் நால்வர். அவளால் வாயைத் திறக்க முடியாது. அவசர வேலை, ஊருக்குக் கிளம்புகிறோம், பெம்பர்லி விருந்துக்கு மன்னிக்கவேண்டும் என்கிறார் மாமா. வெளுத்த முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னைத் தவிர்க்கத்தான் போகிறாள் என்று டார்சி எடுத்துக்கொள்வான். யாரையும் கெட்டவராக்காமல் ஒரு பிரிவு கிடைத்துவிட்டது.

அடுத்த சிக்கல்: லிடியா விஷயம் டார்சிக்கு எப்படித் தெரியும்? தற்செயலாக லண்டன் தெருவில் விக்கமைப் பார்த்தான் என்று எழுதுவது சோம்பேறித்தனம். வழியை ஆஸ்டினே போட்டு வைத்திருக்கிறார். 48-ஆம் அத்தியாயத்தில், பென்னட்டின் உறவினரான ஹன்ஸ்ஃபர்ட் பாதிரியார் காலின்ஸ், இந்தச் சேதியைத் தன் ஆதரவாளரான லேடி கேதரினிடமும் அவர் மகளிடமும் சொன்னதாக எழுதுகிறார். இப்படிப்பட்ட குடும்பத்தோடு யார் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள் என்று அந்த அம்மாள் கேட்டாராம். அதையே அவர் தன் சகோதரி மகனான டார்சிக்கும் எழுதட்டும். ஹன்ஸ்ஃபர்டில் தான் பேசிய தோரணையை அந்த அம்மாளின் எழுத்தில் டார்சி படிப்பான். இந்த ஒரு பக்கத்துக்காகவே முழு மறுபுனைவையும் எழுதலாம் என்பேன்.

விலை என்ன? நாட்கள். மூலத்தில் டார்சி கார்டினர்கள் கிளம்பிய மறுநாளே விக்கமைத் தேடி லண்டனுக்குக் கிளம்பிவிடுகிறான், அங்கே எட்வர்ட் தெருவில் அறைகள் வாடகைக்கு விடும், விக்கமுக்குப் பழக்கமான யங் அம்மாளிடம் அவன் இருக்குமிடத்தைக் கறக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது. இங்கே சேதி ஹர்ட்ஃபர்ட்ஷையரிலிருந்து கென்ட் போய், அங்கிருந்து டெர்பிஷையர் வரவேண்டும். அதற்குள் விக்கமின் கையில் காசு கரையும், லிடியாவைக் கைவிடும் ஆபத்து கூடும். லிடியாவை மணக்க டார்சியோடு நடக்கும் பேரத்தில் அவன் அதிகம் கேட்கலாம், ஆனால் அளவு தெரிந்து எழுதுங்கள். மூலத்தில் டார்சி கொடுப்பது, விக்கமின் கடனை அடைக்க ஆயிரம் பவுண்டுக்கு மேல், லிடியா பேரில் இன்னொரு ஆயிரம், கூடவே ராணுவப் பதவி. பென்னட்டின் ஆண்டு வருமானமே 2,000 பவுண்டு. ஐம்பதாயிரம் கொடுத்தான் என்று எழுதினால், ஆண்டுக்கு 10,000 வருகிற டார்சிக்கே அது ஐந்தாண்டு வருமானம்.

பழக்கவழக்கப் பிழைகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளமாட்டார்கள். அதனால்தான் டார்சி தன் கடிதத்தைப் பூங்காவில் நேரில் கொடுக்கிறான். ஜேன் மூத்தவள், அவள்தான் 'மிஸ் பென்னட்', தங்கை 'மிஸ் எலிசபெத்'. 'லேடி டி பர்க்' என்று எழுதாதீர்கள், ஏர்ல் என்ற பட்டம் கொண்ட பிரபுவின் மகள் என்பதால் லேடி கேதரின். டார்சியின் உறவினன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமை 'ரிச்சர்ட்' என்பது ரசிகர்கள் வைத்த பெயர், நாவலில் இல்லை. குளத்தில் நனைந்த சட்டை 1995 பி.பி.சி. தொடருடையது, மழையில் மணம் கேட்பது 2005 திரைப்படத்துடையது. மூலத்தில் அது பாதிரியார் வீட்டுக்குள், கணப்படுப்புப் பக்கத்தில் நடக்கிறது. திரைக்காரர்கள் சேர்த்ததை இரவல் வாங்கவேண்டாம். நாவல் பொதுச் சொத்து, அவை அல்ல.

இரண்டாம் முறை டார்சி மணம் கேட்பது பேச்சாக வருகிறது, ஆனால் எலிசபெத்தின் பதிலை ஆஸ்டின் பேச்சாகத் தரவில்லை, சுருக்கிச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பல பேர் பேனாவே எடுக்கிறார்கள், நிரப்புங்கள். ஆனால் இருவரும் நடந்துபோகும் அந்தக் காட்சியில் பேச்சைத் தொடங்குவது எலிசபெத், லிடியாவுக்குச் செய்ததற்கு நன்றி சொல்லி. அவளுக்கு அது தெரிந்தது லிடியா உளறி, பிறகு கார்டினர் அத்தை எழுதிய விரிவான கடிதத்தால். எதை மாற்றினாலும் அந்தக் கடிதம் பென்னட் குடும்பத்தின் வீடான லாங்போர்ன் வந்து சேரட்டும்.