ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு பில்டர் இலவசமாம்: எங்கள் ஹொட் டப்புக்கு நான் திருத்தி எழுதிய விமர்சனம்

வணக்கம் உறவுகளே. வழக்கமாகக் கழுத்தளவு வெந்நீரில் இருந்தபடி உங்களோடு கதைக்கிற நான், இன்று கம்பளித் தொப்பியும் கையில் சுக்குக் கோப்பியுமாகப் பின்வாசல் படியில் அமர்ந்திருப்பதைப் பார்த்ததும், ஏதோ நடந்திருக்கிறது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். கடந்த செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு இந்த ஹொட் டப்பை, அதாவது பின்வளவில் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியை, விற்ற கடையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இணையத்தில் ஐந்து நட்சத்திரங்கள் கொடுத்து, நான்கு வரி எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பினால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது தண்ணீரை வடிகட்டும் பில்டர் ஒன்று இலவசமாம். அந்தப் பில்டரின் விலை வரி நீங்கலாக 64 டொலர். என் வாக்குக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை அதுதான். நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட நம் மேல், அதாவது வாங்கிவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் மேல் இருக்கும் கோபம்தான் அதிகம். “தொட்டி வாங்கப் போகிறோம்” என்ற வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், வாங்குவதற்கு முன் மூன்று மாதங்கள் இரவிரவாக விமர்சனங்களை வாசித்து அந்த நீலக் கொப்பியில் குறிப்பெடுத்தேன். அந்தக் கொப்பியை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பவை இரண்டே வகைதான்: தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாள் எழுதிய புகழ்மாலை, இல்லாவிட்டால் பம்ப் நின்றுபோன அன்று இரவு எழுதிய வசை. இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டு மூன்று குளிர்காலங்களைத் தொட்டியோடு கழித்து, எது நல்லது எது உபத்திரவம் என்று கைவிரலில் வைத்திருப்பவர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை. பத்தாயிரக் கணக்கில் செலவழித்துவிட்டு, “இந்த இடத்தில் பிழை விட்டுவிட்டேன்” என்று ஊரறியச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? வீடு குடிபுகுதலுக்கு வந்தவர்கள் விலை கேட்டால் பாதியைச் சொல்வதும், நகை விலை கேட்டால் கூட்டிச் சொல்வதும் நமக்குப் பழக்கம்தானே.

நானும் ஒன்றும் திறமில்லை. முதலாண்டு செப்டெம்பரில் தொட்டி வந்த நான்காம் நாளே, “அருமை, பிள்ளைகள் வெளியே வர மறுக்கிறார்கள்” என்று எழுதி ஐந்து நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தேன். செப்டெம்பரில் கனடாவில் எங்கள் ஊரான அஜாக்ஸில் வெளியே 20 பாகை. அந்த வெக்கையில் ஒரு அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்தாலே இரவுவரை தாங்கும். ஒன்ராறியோவில் ஒரு ஹொட் டப்பின் குணம் தெரிவது ஜனவரியில்தான். வெளியே கழித்தல் 18, உள்ளே தண்ணீர் 39. இடையில் 57 பாகை வித்தியாசம், அதைத் தாங்கி நிற்பதில் பெரும் பங்கு அந்த மூடிக்குத்தான்.

மூடியைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஜனவரியில் பனி கொட்டிய மறுநாள் காலை, மூடியின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பனி இருக்க, நடு மடிப்பு நெடுக ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அது உருகி, கறுப்பு வினைல் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்து உங்களுக்குக்கூடப் போட்டேன். அது அழகில்லை, உறவுகளே. என் காசு ஆவியாகப் போன வழி. மூடிக்குள் இருக்கும் ஃபோம் பலகையைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பார்கள். அந்த உறை கிழிந்தாலோ ஒட்டு விட்டாலோ, தொட்டியின் நீராவி ஃபோமுக்குள் புகுந்து தண்ணீராகித் தங்கிவிடும், பிறகு வெளியேறாது. ஈரம் ஊறிய ஃபோம் குளிரைத் தடுக்காது. நாளுக்கு நாள் பாரமும் கூடும்.

பாரம் கூடியது என்று வெறுமனே சொன்னால் கடைக்காரர் நம்பவில்லை. “உங்களுக்குத் தோள் நோவாக இருக்கும், அக்கா” என்றார். அந்த “அக்கா”வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று மாலையே குளியலறைத் தராசைப் பின்வளவுக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஒரு பலகையை வைத்து, நானும் கணவரும் மூடியை மடித்துத் தூக்கி நிறுத்தினோம். நிறுத்திய பிறகுதான் இலக்கம் காட்டும் இடத்தைப் பலகை மறைத்துவிட்டது என்பது புரிந்தது. இறக்கினோம். பலகையைத் தள்ளி வைத்தால் ஒரு பக்கம் சரிகிறது. மறுபடி இறக்கினோம். மூன்றாம் முறை, கைத்தொலைபேசியை வீடியோவில் போட்டுப் பலகைக்கும் தராசுக்கும் இடையில் இருந்த இரண்டு விரல் இடைவெளிக்கு நேரே சாய்த்து வைத்துவிட்டுத் தூக்கினோம். பிறகு ஓட்டிப் பார்த்தால், தலைகீழாக, ஆனால் தெளிவாக, 46.2! பலகையின் நிறை 3.1 கிலோ, அதைக் கழித்தால் 43.1. கையேட்டில் போட்டிருக்கும் நிறை 24 கிலோ. ஆக, அந்த ஃபோமுக்குள் 19 கிலோ தண்ணீர், ஒரு குடத்துக்கும் மேலாக, ஒளிந்திருந்தது. அந்த வீடியோவை அனுப்பிய பிறகு கடைக்காரர் தோள் நோவைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

ஆனாலும் பலன் இல்லை, ஏனென்றால் மூடிக்கு உத்தரவாதம் ஒரே ஒரு ஆண்டுதான், நான் நிறுத்துப் பார்த்தது பதினாறாம் மாதம். விற்கும்போது “பத்து ஆண்டு உத்தரவாதம்” என்று அவர்கள் சொன்னது தொட்டியின் வெளிக்கூட்டுக்கு மட்டும்; பம்புக்கும் சூடாக்கிக்கும் மூன்று ஆண்டு, மூடிக்கு ஒன்று. புதிய மூடி 749 டொலர், 13 சதவீத வரியோடு 846 டொலர் 37 சதம். மறந்துவிட்டேன், கொண்டுவந்து தரும் கூலி 95 டொலர் இதில் சேரவில்லை, அதற்கும் வரி உண்டு.

இந்த இடத்தில் எனக்கு வெட்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாவிட்டால் என் விமர்சனமும் பாதி உண்மைதான். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஷொக் மருந்து போட்ட பிறகு, மூடியை இருபது நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலெழும் வாயு உள்பக்க வினைலையும் அந்த உறையையும் அரித்துவிடும். இது கையேட்டில் இருக்கிறது. குளிருக்குப் பயந்து முதல் குளிர்காலம் முழுவதும் நான் உடனுக்குடன் மூடினேன். ஆகவே திருத்திய விமர்சனத்தில், நடு மடிப்பின் தையல் வழியாக ஆவி போவது அவர்கள் பிழை என்றும், உறை அரித்ததில் என் பங்கும் இருக்கலாம் என்றும் இரண்டையும் எழுதி, ஐந்தை மூன்றாக இறக்கினேன். மறுநாளே கடையிலிருந்து அழைப்பு வந்தது. விமர்சனத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். ஆனால் ஒன்று, தண்ணீர் பீய்ச்சும் ஜெட் ஒன்று கசிந்தபோது அதை நான்கே நாளில் வந்து காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள், அதை எழுத மறந்திருந்தேன். அன்றிரவே சேர்த்துவிட்டேன்.

உங்களிடம் நான் கேட்பதும் இப்படிப்பட்ட எழுத்தைத்தான். ஒரு குளிர்காலம் கழியட்டும், பிறகு எழுதுங்கள். முதலே எழுதியவர்கள் போய்த் திருத்துங்கள். விலையை எழுதும்போது முழு விலையையும் எழுதுங்கள். எங்கள் தொட்டி 11,499 டொலர் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. வரியோடு 12,994. இதற்கு 240 வோல்ட், 50 அம்பியர் தனி இணைப்பு வேண்டும்; உரிமம் பெற்ற மின்சார ஒப்பந்தக்காரரைக் கொண்டு, மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியோடு செய்ததற்கு 1,850. கீழே சீமெந்துத் தளத்துக்கு 900. பக்கத்து வேலிக்கும் வீட்டுக்கும் இடையில் தொட்டி நுழையாததால் கூரைக்கு மேலாகத் தூக்கி இறக்கிய கிரேனுக்கு 600. மொத்தம் 16,344 டொலர். கிரேன் பற்றி ஒரு விமர்சனத்தில் ஒரு வரி இருந்திருந்தால், வேலியை அளந்துவிட்டு அகலம் குறைந்த வேறொரு தொட்டியை எடுத்திருப்பேன்.

மின்சாரக் கட்டணத்தையும் மாதம் குறிப்பிட்டு எழுதுங்கள். முதல் ஜனவரியில் எங்களுக்குக் கூடுதலாக வந்தது 58 டொலர், இந்த ஜனவரியில் 83. குளிரும் கட்டண வீதமும் மாறியிருக்கும் என்பதால் முழுப் பழியையும் மூடியின் தலையில் போட மாட்டேன். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மலிவாகத் தரும் திட்டத்துக்கு மாறி, அந்த நேரத்திலேயே சூடாக்கும்படி வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த இலக்கங்களுக்குப் பொருள் உண்டு.

இன்னொன்று, உங்கள் உயரம். சிரிக்காதீர்கள். நான் ஐந்தடி ஒரு அங்குலம். சாய்ந்து படுக்கும் இருக்கைதான் இந்தத் தொட்டியின் மகுடம் என்று பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். அதில் படுத்தால் கால் முட்டுக்கொடுக்க எட்டாமல் நான் கட்டுமரம்போல் மிதந்து எழும்பிவிடுகிறேன். ஆறடிக் கணவர் அதில் பிரபுபோல் படுத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது தன் உயரத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஒழுங்கான இருக்கை கிடைத்திருக்கும். மாறாக, ப்ளூடூத் பாட்டையும் ஏழு வண்ண விளக்குகளையும் பற்றிப் பந்தி பந்தியாக எழுதுகிறார்கள். தண்ணீருக்குள் ஊதா வெளிச்சம் எரிந்தால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜெட் எண்ணிக்கையும் அப்படித்தான்: ஒரே பம்ப் அறுபது ஜெட்டுக்குப் பங்கு போட்டால் முதுகில் படுவது தூறல்தான்.

அதோடு, எந்த நிறுவனம், எந்த மாதிரி என்பதைச் சரியாக எழுதுங்கள். எல்லாத் தொட்டியையும் ஜக்கூசி என்று சொல்லி, வேறொரு நிறுவனத்தின் பம்ப் நின்றதற்கு அந்தப் பெயரின் கீழ் வசை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜக்கூசி என்பது கலிபோர்னியாவில் குடியேறிய ஒரு இத்தாலியக் குடும்பத்தின் பெயர். அந்தச் சகோதரர்களில் ஒருவர் மூட்டுவாதம் வந்த தன் மகனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் பம்ப் ஒன்றைச் செய்ததிலிருந்துதான் அந்தப் பெயர் இந்தத் துறைக்குள் வந்தது. பெயர் புகழ்பெற்றது என்பதற்காக அடுத்தவர் பம்பின் பாவத்தையும் அவர்கள் சுமக்க வேண்டுமா?

எழுதினால் வழக்குப் போடுவார்களோ என்று சென்ற வீடியோவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. நீங்கள் கண்டதையும் காசு கட்டியதையும் திகதியோடு எழுதுங்கள், “கள்ளர், ஏமாற்றுக்காரர்” என்ற தீர்ப்பை மட்டும் எழுதாதீர்கள் என்பதே நான் கடைப்பிடிக்கும் வழி. அமெரிக்காவில் இருக்கும் உறவுகளுக்கு, விமர்சனம் எழுதக் கூடாது என்று ஒப்பந்தப் படிவத்தில் ஒளித்து வைக்கும் நிபந்தனை 2016 இல் வந்த சட்டத்தின்படி செல்லாது. அங்கே 2024 ஒக்டோபர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதியோ, நல்லதாக எழுதினால்தான் பரிசு என்று சொல்வதையே தடை செய்கிறது; என் பில்டர் குறுஞ்செய்தி அங்கே போயிருந்தால் கதை வேறு. லண்டன் உறவுகளுக்கு, போலி விமர்சனங்களுக்கான தடை 2025 ஏப்ரல் 6 முதல் இருக்கிறது. இங்கே கனடாவில், ஊழியர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் தங்கள் நிறுவனத்தின் செயலிகளையே புகழ்ந்து எழுதியதற்காக, தொலைத்தொடர்பு நிறுவனமான பெல் கனடா 2015 இல் 1.25 மில்லியன் டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது.

சலுகை வாங்கித்தான் எழுதினீர்கள் என்றால் அதையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள், வாசிப்பவர் கழித்துப் பார்த்துக்கொள்வார். நான் அந்த 64 டொலர் பில்டரைக் காசு கொடுத்தே வாங்கினேன், ரசீது கொப்பியில் ஒட்டியிருக்கிறது.

புதிய மூடி வியாழக்கிழமை வருகிறது. கடையில் 26 கிலோ என்று சொல்லியிருக்கிறார்கள். தராசும் பலகையும் பின்வாசலில் தயாராக இருக்கின்றன. இந்த முறை கைத்தொலைபேசியை வைக்க மகன் செங்கல் ஒன்றையும் தேடி வைத்திருக்கிறான். நிறுத்துப் பார்த்த பிறகுதான் அது தொட்டிக்கு மேல் ஏறும்.