சிலந்திகள் நாகரிகம் கண்டால்? ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் விலங்குகள்

[காட்சி: இருண்ட திரை. நடுவில் ஒரு சிலந்தி வலை. அதன் ஓரம் மட்டும் மெல்ல அதிர்கிறது.]

வலையின் நடுவில் ஒரு சிலந்தி காத்திருக்கிறது. ஓரத்தில் ஏதோ துடிக்கிறது. பூச்சி மாட்டிக்கொண்டது என்று விரைகிறது. போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது இன்னொரு சிலந்தி. பூச்சி துடிப்பதுபோலவே வலை நூலை மீட்டி வரவழைத்திருக்கிறது. இரை தேடிப் போனது இரையாகிவிட்டது.

இது நாவலில் வருவதல்ல, நிஜமாகவே நடப்பது. ஏமாற்றிய சிலந்தியின் பெயர் போர்ஷியா. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவில் வாழும் குதிக்கும் சிலந்தி. நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜாக்சன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதன் பின்னாலேயே அலைந்தார். அவரும் உடனிருந்தவர்களும் பார்த்தது இது: போர்ஷியா ஒரு விதமாக மீட்டிப் பார்க்கும். எதிரில் இருப்பது அசையவில்லையா, வேறு விதமாக மீட்டும். எது பலித்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். காற்றில் வலை ஆடும் நேரம் பார்த்து அடியெடுத்து வைக்கும்; அப்போதுதான் அதன் நடை தெரியாது. நேரே போக வழியில்லை என்றால், இரை கண்ணைவிட்டே மறையும் அளவுக்குச் சுற்றிப் போய் மேலிருந்து இறங்கும். ஒரு கடுகு அளவுகூட இல்லாத மூளை, கண்ணில் படாத ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு நடக்கிறது.

இந்தச் சிலந்தியிடம் ஒரு கோளையே ஒப்படைத்துப் பார்த்த நாவலாசிரியர்தான் ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கி.

[காட்சி: இங்கிலாந்து வரைபடம். லிங்கன்ஷயர், ரெடிங், லீட்ஸ் ஆகிய மூன்று புள்ளிகள்.]

பெயரைக் கேட்டதும் ரஷ்ய இசையமைப்பாளர் நினைவுக்கு வருவார். இவர் வேறு. 1972-இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர். குடும்பப் பெயர் போலந்து எழுத்துமுறையில் இருந்தது. ஆங்கில வாசகர்கள் தடுமாறக்கூடாது என்று அட்டைக்காக அதை மாற்றிக்கொண்டார். ரெடிங் பல்கலைக்கழகத்தில் படித்தது விலங்கியலும் உளவியலும். பிழைப்புக்குப் பார்த்தது லீட்ஸில் சட்டத்துறை வேலை. இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கடைசியில் சட்டமும் வந்து சேரும். 2008-இல் தொடங்கி 10 நாவல்கள் கொண்ட ஒரு கற்பனைத் தொடர் எழுதினார். அதிலும் பூச்சிகளின் இயல்பு கொண்ட மனிதக் குலங்கள்தான். பெரிய வெளிச்சம் விழுந்தது 2015-இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ நாவலில். மறு ஆண்டு, அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது.

கதைக்கு வருவோம். முடிவைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். தொலைதூரக் கோள் ஒன்றை மனிதர்கள் பூமியைப் போல மாற்றிவைக்கிறார்கள். குரங்குகளை அங்கே இறக்கி, ஒரு நானோவைரஸைப் பரப்பி, அவற்றின் அறிவு வளர்வதை மேலிருந்து பார்க்கவேண்டும். அவ்ரானா கெர்ன் என்ற விஞ்ஞானியின் கனவு இது. நாசவேலையில் குரங்குகள் எரிந்துபோகின்றன. வைரஸ் மட்டும் பத்திரமாக இறங்கி, கிடைத்த உடலில் வேலையைத் தொடங்குகிறது. கிடைத்தது போர்ஷியா.

கெர்ன் இருந்த விண்நிலையத்தின் பெயர் பிரின் 2. டேவிட் பிரினுக்கு ஒரு வணக்கம் அது. டால்பின்களையும் சிம்பன்சிகளையும் மனிதர்கள் அறிவுநிலைக்கு உயர்த்துவதாக 1980-களில் நாவல்கள் எழுதியவர் பிரின். பாதை அவர் போட்டதுதான். ஆனால் டால்பினையும் சிம்பன்சியையும் நமக்கு முன்பே பிடிக்கும். சிலந்தியை?

காகத்தை ஏமாற்றிய நரியை நமக்கெல்லாம் தெரியும். அந்த நரியை எடுத்துவிட்டு ஒரு தந்திரக்கார ஆளை அங்கே நிறுத்துங்கள். கதை அப்படியே நகரும். சாய்கோவ்ஸ்கியிடம் இது நடக்காது. அவர் உடலிலிருந்து ஆரம்பிக்கிறார். காதால் கேட்காமல் காலால் அதிர்வை உணரும் உயிருக்கு மொழி எப்படி இருக்கும்? நூல் வழியாகப் போகும் அதிர்வாகவும், முகத்தருகே இருக்கும் இரண்டு குட்டி உறுப்புகளின் சைகையாகவும் இருக்கும். அப்படியென்றால் பேச நூல் வேண்டும். தரை, சுவர், நகரம் எல்லாமே நூலாகிவிடுகிறது. நூல் எரியும், ஆகவே நெருப்பை நம்பி இந்த நாகரிகம் வளர முடியாது. உலோகமும் இயந்திரமும் நமக்குச் செய்ததை அங்கே வேதியியல் செய்கிறது.

[காட்சி: எறும்பு வரிசைகள். ஒரு சந்திப்பில் பிரிந்து, மீண்டும் சேர்கின்றன.]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எறும்புகள். நிலத்தையே விழுங்கிக்கொண்டு வரும் ஒரு மாபெரும் எறும்புப் புற்று. அதற்குத் தனியாக அறிவு கிடையாது, வாசனைக்குக் கட்டுப்படும், அவ்வளவுதான். சிலந்திகள் முதலில் போரிடுகின்றன, அப்புறம் அந்த வாசனை மொழியைக் கற்றுக்கொள்கின்றன. தலைமுறைகள் கழிந்ததும் எறும்புப் புற்றுகள் கணக்குப் போடுகின்றன. ஆமாம், கணினிதான். ‘இந்த வாசனை வந்தால் இடப்பக்கம், அந்த வாசனை வந்தால் வலப்பக்கம்’ என்பதை லட்சம் எறும்புகள் செய்தால் அது கணக்கீடு. சிலிக்கான் இல்லாமல் கணினிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் மனிதர்!

வானத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டே கணக்குக் கேள்விகளை அனுப்புகிறது. குரங்குகள் விடை சொல்லும் என்று கெர்ன் அனுப்பும் ஒலிபரப்பு. சிலந்திகளுக்கு அது தெய்வம். கணக்கே வழிபாடாகிறது.

சமூக ஒழுங்கும் உடலிலிருந்தே வருகிறது. பெண் சிலந்தி பெரியது, ஆண் சிறியது, தின்னத் தகுந்தது. ஃபேபியன் என்ற ஆண், கொல்லப்படாமல் இருக்கும் உரிமைக்காகப் போராடுவதைப் படிக்கும்போது நம் உலகம் தலைகீழாகத் தெரியும். பெயர்களிலும் ஒரு விளையாட்டு: போர்ஷியா, பியாங்கா, வயோலா, ஃபேபியன் எல்லாமே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருபவை. அதே பெயர்கள் தலைமுறைதோறும் திரும்ப வரும். ஆயிரம் ஆண்டுகள் தாண்டினாலும் ‘போர்ஷியா’ என்றதும் நமக்குப் பழகிய முகம்.

குறை இல்லையா? இருக்கிறது. கற்ற அறிவு பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கடத்தப்படும் என்கிறார். கதையை வேகமாக ஓட்ட வசதியான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், அழிந்த பூமியிலிருந்து கடைசி மனிதர்கள் கில்கமேஷ் என்ற விண்கப்பலில் வருகிறார்கள். அந்த அத்தியாயங்களில் நான் பக்கங்களை எண்ணினேன். எப்போது சிலந்திகளிடம் திரும்புவோம் என்று. சிலந்தியைக் கண்டால் அறையை மாற்றிக்கொள்ளும் ஆள் நான்.

[காட்சி: ஆக்டோபஸின் தோல். நிறங்கள் அலை அலையாக மாறுகின்றன.]

2019-இல் அடுத்த நாவல், ‘சில்ட்ரன் ஆஃப் ரூயின்’. இந்த முறை ஆக்டோபஸ். நிஜ ஆக்டோபஸுக்கு ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. சாய்கோவ்ஸ்கி இதை மூன்றாகப் பிரிக்கிறார். தலைக்குள் விருப்பும் வெறுப்பும் மட்டும். கணக்கும் காரியமும் கைகளின் வேலை. எப்படிச் செய்தன என்று தலைக்கே தெரியாது. மூன்றாவது தோல், மனதில் ஓடுவதை நிறமாகக் கொட்டிவிடும். இப்படி ஓர் உயிரிடம் ஒப்பந்தம் பேசிப் பாருங்கள்! இப்போது சரி என்றது, அடுத்த நொடி சிவந்து சண்டைக்கு வரும். அது பொய் சொல்லவில்லை, மனது மாறிவிட்டது.

2022-இல் காகங்கள். ‘சில்ட்ரன் ஆஃப் மெமரி’யில் இரண்டு காகங்கள் சேர்ந்தால்தான் ஒரு அறிவு. ஒன்று புதியதைக் கவனித்துச் சேர்த்து வைக்கும். மற்றது அதைப் பிரித்து ஆராயும். ‘உங்களுக்குச் சிந்தனை உண்டா’ என்று கேட்டால் இல்லை என்று சாதிக்கும். அதையும் வாதம் செய்தே சாதிக்கும்.

சட்டம் வரும் என்றேனே, அது 2017-இல் வந்த ‘டாக்ஸ் ஆஃப் வார்’ நாவலில். ரெக்ஸ் போருக்காக உருவாக்கப்பட்ட நாய். துப்பாக்கி தாங்கும், பேசும். தன் கதையைத் தானே சொல்கிறது, சின்னச் சின்ன வாக்கியங்களில். எஜமானர் ‘நல்ல நாய்’ என்று சொன்னால் போதும், அதற்கு வேறெதுவும் வேண்டாம். அந்த ஆசையே உள்ளே வைத்துத் தைத்தது என்பது ரெக்ஸுக்கு மெல்லத்தான் புரிகிறது. செய்த கொலைகளுக்கு யார் பொறுப்பு? ரெக்ஸ் ஆயுதமா, ஆளா? கேள்வி நீதிமன்றத்துக்குப் போகிறது.

எங்கே தொடங்கலாம்? நேரம் குறைவென்றால் ரெக்ஸிடம் போங்கள், அது தனி நாவல்போலவே நிற்கும். சிலந்தி, ஆக்டோபஸ், காகம் மூன்றையும் அதே வரிசையில்தான் படிக்கவேண்டும். சிலந்தி பயம் உள்ளவர்கள் அட்டையை மடித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.