ஜீரி 730 வாங்கப் போறீங்களோ? ஒரே பேரில மூண்டு கார்ட் இருக்கு

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில இருந்து கதைக்கிறன். பின்னால மயில் கத்துறது கேட்டா ஒண்டும் செய்ய ஏலாது, அதை வெட்டப் போனா என்ர குரலும் சேர்ந்து போகுது.

மேசையில ரண்டு கிராபிக்ஸ் கார்ட் வச்சிருக்கிறன், கொம்பியூட்டருக்குள்ள கொழுவினா கேமின்ர படத்தைச் செய்து திரைக்கு அனுப்புறது. கமராவுக்குக் கிட்டக் காட்டுறன், பாருங்கோ. ரண்டு பெட்டியிலயும் என்விடியா ஜீஃபோர்ஸ் ஜீரி 730 எண்டுதான் கிடக்கு. இதில 4 ஜிபி, 128 பிட் எண்டு பெருசாப் போட்டிருக்கு. மற்றதில 2 ஜிபி, 64 பிட், ஜீடிடிஆர்5 எண்ட மெமரி. கடையில நிண்டா எதைத் தூக்குவீங்கள்? 4 ஜிபியைத்தான். ஆரும் அதைத்தான் தூக்குவினம். நான் சொல்லுறன், அதை வச்சிட்டு 2 ஜிபியை எடுங்கோ. ஏனெண்டுதான் இண்டைக்குக் கதை.

2014 ஜூன் மாசம் வந்த கார்ட்டை இப்ப ஏன் கதைக்கிறாய் எண்டு கேப்பீங்கள். கேக்கிற பெடியள் இப்பவும் இருக்கினம், அதாலதான். வவுனியாவிலயும் இஞ்சயும் கனபேர் வாங்குறது கந்தோரில பாவிச்சுக் கழிச்ச டெல் ஒப்ரிபிளெக்ஸ் மாதிரிச் சின்னப் பெட்டியள். அதுக்குள்ள பெரிய கார்ட் உயரத்துக்கே போகாது. ஒப்ரிபிளெக்ஸ் 7010 எண்ட மொடலின்ர சின்னக் கேசிங்கில இருக்கிற பவர் சப்ளை 240 வாட்ஸ், 9020 இல 255. கார்ட்டுக்கெண்டு தனியாப் போற பவர் வயர் அதில இல்லை. அப்ப ஸ்லொட்டில வாற கரண்டிலயே ஓடுற, பாதி உயரக் கார்ட் ஒண்டு வேணும். அப்பிடித் தேடிப் போனா ஜீரி 730தான் முன்னுக்கு வந்து நிக்கும்.

இன்னொரு காரணம் வலோரண்ட். அந்த கேமைச் செய்த ஆக்கள் செக்கனுக்கு 60 பிரேமில ஓட என்ன வேணும் எண்டு போட்ட பட்டியலில ஜீரி 730 எண்டுதான் எழுதியிருந்தவை. எந்த 730 எண்டு எழுதேல்ல. அங்கதான் பிரச்சினை துவங்குது.

ஏனெண்டா என்விடியா இந்தப் பேரில மூண்டு விதமான கார்ட்டை விட்டது. ஒண்டு ஃபேர்மி எண்ட பழைய சிப். ஜீஎஃப் 108 எண்டு அதுக்குப் பேர், 40 நனோமீட்டர், 96 கூடா கோர் (கணக்குப் போடுற சின்னப் பகுதியள்), 128 பிட் டிடிஆர்3 மெமரி, 49 வாட்ஸ். மற்ற ரண்டும் கெப்ளர் எண்ட புதுச் சிப், ஜீகே 208. 28 நனோமீட்டர், 384 கோர், 902 மெகாஹேட்ஸ், 64 பிட். அந்த ரண்டுக்குள்ளயும் ஒண்டில டிடிஆர்3 மெமரி, 23 வாட்ஸ். மற்றதில ஜீடிடிஆர்5 மெமரி, 25 வாட்ஸ். பேர் மட்டும் ஒண்டு. கடைக்காரர் பேய்க்காட்டுறார் எண்டு சும்மா சொல்லாதேங்கோ, கனபேருக்கு அவைக்கே இது தெரியாது. இப்பிடிப் பேர் வச்சது கம்பனிதான். எனக்கு அதில இன்னும் கோவம்தான்.

சரி, இந்த 128ஐயும் 64ஐயும் பாத்து ஏமாறக் கூடாது எண்டு சொன்னன். பிட் எண்டது மெமரிக்குப் போற பாதையின்ர அகலம். கணக்கு லேசு. பிட்டை எட்டால பிரியுங்கோ, வாறதை மெமரியின்ர வேகத்தால பெருக்குங்கோ. ஒரு செக்கனுக்கு எத்தினை ஜிபி போய் வரும் எண்டது அதுதான். 64 பிட் டிடிஆர்3: எட்டுத் தர 1.8, அது 14.4 ஜிபி. 128 பிட் டிடிஆர்3: பதினாறு தர 1.8, அது 28.8. 64 பிட் ஜீடிடிஆர்5: எட்டுத் தர 5, அது 40. பாத்தீங்களோ? 64 பிட் எண்டு எழுதின கார்ட் 128 பிட் கார்ட்டை விட்டிட்டு எங்கயோ போட்டுது.

4 ஜிபி எண்டதுக்கும் இதுதான் மறுமொழி. இரணைமடுக் குளம் முட்ட நிறைஞ்சு நிண்டாலும் வயலுக்கு எவ்வளவு தண்ணி வரும் எண்டது துருசில இருக்கு. ஜிபி குளம், இந்தக் கணக்கில வாற எண் துருசு. ஒரு செக்கனுக்கு 28.8 மட்டும் விடுற இந்தக் கார்ட்டுக்கு 4 ஜிபி குடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த 4 ஜிபியையும் நிரப்புற அளவுக்கு ஒரு கேமை வச்சா, அது நிரம்ப முதலே படம் இழுபடத் துவங்கியிடும்.

இப்ப ஒரு விசயம் சொல்லுறன், இதைக் கேட்டிட்டு சில பேர் கார்ட்டே வாங்காமல் விடக்கூடும். உங்கட பெட்டியில நாலாம் தலைமுறை ஐ5 இருந்தா, உதாரணத்துக்கு 4570, அதுக்குள்ளயே இன்ரல் எச்டி 4600 கிராபிக்ஸ் இருக்கு. அது கொம்பியூட்டரின்ர ராமைத்தான் பாவிக்கும். ஒரு ராம் மட்டும் போட்டிருந்தா டிடிஆர்3 1600இல 12.8 ஜிபி. ரண்டு ராமைச் சோடியாப் போட்டா 25.6. அதாவது டிடிஆர்3 கெப்ளர் 730க்கு இருக்கிற 14.4ஐ விடக் கூட. ப்ரொசசரும் அதைத்தான் பங்கு போடுது, அது உண்மை. எண்டாலும் அந்த டிடிஆர்3 கார்ட்டுக்குக் காசைக் குடுக்கிறதிலும் பாக்க, இன்னொரு ராம் வாங்கிச் சோடி சேர்க்கிறது நல்லம் எண்டதுதான் என்ர எண்ணம். ராம் மற்ற வேலைக்கும் உதவும். 7010 வச்சிருக்கிற ஆக்களுக்கு இது பொருந்தாது. மூண்டாம் தலைமுறை ஐ5 3470இல இருக்கிறது எச்டி 2500, அது நல்லா மெலிஞ்சது. அவைக்குக் கெப்ளர் கார்ட் ஒண்டு போட்டா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஃபேர்மிக்கு வருவம். 96 கோர், 384 கோர், நாலு மடங்கு எண்டு நேரடியாச் சொல்ல ஏலாது, ஏனெண்டா ஃபேர்மியில கோர் சிப்பின்ர வேகத்தைப் போல ரண்டு மடங்கில ஓடும். 700 மெகாஹேட்ஸ் சிப், 1400இல கோர். அதையும் சேர்த்துக் கணக்குப் பாத்தா ஃபேர்மி 269 ஜிகாஃப்ளொப், கெப்ளர் 693. ஜிகாஃப்ளொப் எண்டது ஒரு செக்கனில எவ்வளவு கணக்குப் போடும் எண்ட அளவு. அப்பவும் ரண்டரை மடங்கு. கரண்ட் மட்டும் ஃபேர்மி ரண்டு மடங்கு குடிக்கும். சோலரில, இன்வேர்ட்டரில ஓட்டுற வீடுகளுக்கு இது சின்ன விசயம் இல்லை.

எல்லாத்தையும் விட மோசம் ட்ரைவர், அதாவது விண்டோசில கார்ட்டை ஓட்டுற மென்பொருள். ஃபேர்மிக்கு என்விடியா வழமையான ட்ரைவரை 2018இல நிப்பாட்டிப் போட்டுது, 391 எண்டு துவங்குற பதிப்புதான் கடைசி. சில கேமுகள் கேக்கிற வல்கன் எண்ட கிராபிக்ஸ் முறையும் அதில ஓடாது. கெப்ளருக்கு 2021 வரைக்கும் கேம் ட்ரைவர் வந்தது, அதுக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும், 2024 செப்டம்பர் வரைக்கும். ஆகவே ரண்டும் பழசுதான், புதுக் கேமுக்கு ஒண்டுமே சரிவராது. எண்டாலும் ஒரே நாளில, ஒரே பேரில வாங்கின ரண்டு பேரில ஒராளுக்கு மூண்டு வருசம் முந்தியே கடை சாத்தியாச்சு.

எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஜீபியூ-செட் எண்டு ஒரு சின்ன மென்பொருள், காசு இல்லை. திறந்த உடன ஜீபியூ எண்ட பெட்டியைப் பாருங்கோ: ஜீஎஃப் 108 எண்டா ஃபேர்மி, ஜீகே 208 எண்டா கெப்ளர். பிறகு மெமரி டைப். பிறகு பான்ட்வித், அதுதான் முந்திக் கணக்குப் பாத்த செக்கனுக்கு இத்தினை ஜிபி எண்ட எண், அதில 40க்குக் கிட்ட நிண்டா நீங்கள் தேடுறது அதுதான். பஸ் எண்ட இடத்தில, அதாவது கார்ட்டுக்கும் மதர்போர்ட்டுக்கும் நடுவில இருக்கிற பாதையில, எட்டு லேன் எண்டு காட்டினாப் பயப்பிடாதேங்கோ, கெப்ளர் 730 செய்ததே எட்டு லேனுக்குத்தான். பிசிஐ 1.1 எண்டு காட்டினாலும் பழுதில்லை, சும்மா இருக்கேக்க கார்ட் தன்ர வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கும். பக்கத்தில இருக்கிற கேள்விக்குறியை அமத்தி ஒரு வேலை குடுத்தா 2.0க்கு ஏறும்.

அதே மென்பொருளில இன்னொரு நன்மை. பழைய ஃபேர்மி கார்ட்டுகளுக்குள்ள பதிஞ்சு கிடக்கிற பயோஸ் எண்ட மென்பொருளை மாத்தி, 1050 ரிஐ எண்ட பிந்தின நல்ல கார்ட்டின்ர பேர் விழுத்தி விக்கிற வேலை ஒண்டு உலகம் முழுக்க நடந்தது. விண்டோஸ் அந்தப் பேரை நம்பும். ஜீபியூ-செட் 2018இல இருந்து அப்பிடியான கார்ட்டைக் கண்டா, போலி எண்டு பேருக்கு முன்னால போட்டுக் காட்டும். அப்ப நம்ப ஏலாத விலையில ஒண்டு வந்தா, காசு குடுக்க முதல் இதை ஓட்டிப் பாருங்கோ.

730இல எனக்குப் பிடிச்சது பின்பக்கம். பாருங்கோ, மொனிட்டர் கொழுவுற விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூண்டும் இருக்கு. எங்கட பக்கம் பழைய பதினேழு இஞ்சி மொனிட்டர் எத்தினை வீட்டில, எத்தினை ரியூசனில இன்னும் ஓடுது! அதுகளுக்கு விஜிஏ வேணும். இந்த டிவிஐயில விஜிஏக்கு வேண்டிய அனலொக் சிக்னல் இல்லை, மலிவான டிவிஐ-விஜிஏ மாத்தியைக் கொழுவினாப் படம் வராது. எச்டிஎம்ஐயில 4கே வரும், ஆனா 30 ஹேட்ஸ்தான், மௌஸ் இழுபடுறது தெரியும். மற்றது, கார்ட்டைப் போட்டிட்டு மொனிட்டர் வயரை மதர்போர்ட்டிலயே விட்டிட்டு "அண்ணை, ஒரு வித்தியாசமும் இல்லை" எண்டு வாற பெடியளும் இருக்கினம். சிரிக்காதேங்கோ. வயரைக் கார்ட்டுக்கு மாத்துங்கோ.

யூடியூப் பாக்கத்தான் கார்ட் எண்டா வாங்காதேங்கோ. கெப்ளர் எச்.264 வீடியோவைத்தான் தானா விரிக்கும். இதெல்லாம் வீடியோவைச் சுருக்குற முறையள், அதில விபி9, எச்இவிசி ரண்டும் அதுக்குத் தெரியாது. யூடியூப் இப்ப கூடுதலா விபி9இலயும் ஏவி1இலயும்தான் அனுப்புது, அப்ப முழுப் பாரமும் ப்ரொசசர் தலையில. எச்.264ஐயே அனுப்பச் சொல்லுற பிரௌசர் எக்ஸ்ரென்சன் இருக்கு, போட்டுப் பாருங்கோ. 1080 வரைக்கும் கிடைக்கும், காணும்.

கொஞ்சம் கூடக் காசு இருந்தா? 2017இல வந்த ஜீரி 1030. அதே 384 கோர், ஆனா பாஸ்கல் சிப், 30 வாட்ஸ், பான்ட்வித் 48 ஜிபி, விபி9 விரிக்கும். விஜிஏ இல்லை, எச்டிஎம்ஐயில இருந்து மாத்துற சின்னப் பெட்டி வேணும். அங்கயும் கவனம்! 2018இல அதே பேரில டிடிஆர்4 போட்ட ஒண்டை விட்டவை, அதில பான்ட்வித் 16.8 ஜிபிதான். படிச்சுக் கொண்டே திரும்பவும் செய்தினம். கேசிங் பெருசு எண்டா 750 ரிஐ தேடுங்கோ. அதுவும் 2014தான், 640 கோர், பான்ட்வித் 86.4 ஜிபி, 60 வாட்ஸ், கனக்க மொடலுக்குத் தனிப் பவர் வயரும் தேவையில்லை. பாவிச்சது எண்டாலும் 730ஐ விட எவ்வளவோ மேல.

விலை நான் சொல்லேல்ல, நான் இதைப் போட்டு நீங்கள் பாக்கிறதுக்குள்ள மாறியிடும். ஃபோனில விக்கிற ஆக்களிட்ட வாங்கிறதெண்டா, பெட்டியின்ர படம் வேண்டாம், ஜீபியூ-செட் திரையின்ர படத்தை அனுப்பச் சொல்லுங்கோ. மெமரி டைப்பும் பான்ட்வித்தும் வடிவாத் தெரிய வேணும். அனுப்ப ஏலாது எண்டா வேற ஆளைப் பாருங்கோ. சரி, இந்த ரண்டு கார்ட்டையும் கழட்டின பெட்டியளுக்குள்ள திரும்பப் போட வேணும், நான் வரட்டே?