பல்லாங்குழி ஆடினால் சர்க்கரை குறையுமா?

(முதியோர் பகல்நேர மையத்தின் தரத்தைத் தீர்மானிப்பது பராமரிப்பா, செயல்பாடுகளா? ‘செயல்பாடுகளே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தோழர் கேட்டார்: “பல்லாங்குழி ஆடினால் சர்க்கரை குறையுமா?” அரங்கமே கைதட்டியது. வேளைக்கு மாத்திரை, இரத்த அழுத்தப் பரிசோதனை, வழுக்காத தரை, கழிப்பறையில் கைப்பிடி, இவை இருந்தால் மையம் தரமானது, மற்றவை பொழுதுபோக்கு என்பது அவர் வாதம். இவற்றில் ஒன்றைக்கூட நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மதுரையில் நான் அறிந்த ஒரு பூக்காரம்மாவை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கோயில் வாசலில் பூ விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். மறதி நோய் வந்தபின் மகன் வேலைக்குப் போகும்போது ஒரு மையத்தில் விட்டுச் செல்வார். அங்கே எதிரணி கேட்ட வசதிகள் எல்லாமே இருந்தன. ஆனால் அந்த அம்மாவின் கையில் கொடுக்கப்பட்டது, குழந்தைகள் வண்ணம் தீட்டும் வாத்துப் படம். அவர் அதைத் தொடவே இல்லை. கையை நீட்டி மடக்குங்கள் என்று இயன்முறை மருத்துவர் கெஞ்சினாலும் செய்யமாட்டார்; மாத்திரையைத் துப்பிவிடுவார்; மாலை மூன்று மணியானால் எழுந்து வாசலை நோக்கி நடப்பார். ‘அலைகிறார்’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். கதவைப் பூட்டினார்கள்.

புதிதாக வந்த பணிப்பெண் ஒருவர்தான் மகனிடம் கேட்டார்: “மூணு மணிக்கு அம்மா என்ன செய்வாங்க?” அது மாலை வியாபாரத்துக்குப் பூக்கட்ட உட்காரும் நேரம் என்றார் மகன். மறுநாள் மூன்று மணிக்கு அந்த அம்மாவின் முன்னால் ஒரு கூடை உதிரி மல்லிகையும் நாரும் வைக்கப்பட்டன. வாசலுக்குப் போக எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார், அவையோரே! மகனின் பெயரையே சில நாள் மறந்துவிடும் அந்த அம்மாவின் விரல்களுக்குப் பூவும் நாரும் மறக்கவில்லை. கட்டி முடித்ததும் கையை நீட்டி முழம் போட்டார். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம்! மருத்துவர் கெஞ்சியும் நீளாத அதே கைதான்! மாத்திரையை நீட்டியபோது, “இந்தச் சரத்த முடிச்சுட்டுப் போட்டுக்கிறேன்” என்றார், சொன்னபடியே போட்டுக்கொண்டார்.

தோழரே, பூக்கட்டியதால் சர்க்கரை குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரை உள்ளே போனது பூக்கட்டியதால்தான்.

ஒரு பூக்காரம்மாவின் கதை போதாது என்பீர்கள். லண்டனில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை, பேச்சும் பாட்டும் விளையாட்டுமாக வாரத்துக்கு இரண்டு என ஏழு வாரங்களில் 14 குழு அமர்வுகளைக் கொண்டது. 2003இல் வெளிவந்த ஆய்வில், அதில் பங்கேற்ற மறதி நோயாளிகளின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. சென்னை ஆய்வாளர்கள் அதைத் தமிழ் முதியோருக்கு ஏற்பத் தகவமைத்திருக்கிறார்கள். எனவே செயல்பாடும் பராமரிப்புதான். அதற்கும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்த மனிதர் யார் என்று விசாரித்தறியும் பொறுமை வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், 10 கோடி ரூபாயில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. அங்கெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டால் போதுமா?

நடுவர் அவர்களே, மாலையில் அழைத்துச் செல்ல வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: “சாப்ட்டியாம்மா? மாத்திர போட்டியாம்மா?” நம்மைப் பெற்றவளிடம் கேட்க நமக்கு வேறு எதுவுமே இல்லையா? “இன்னைக்கு என்னம்மா செஞ்ச?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தத் தாய் முகம் மலர்ந்து சொல்ல ஏதாவது இருக்க வேண்டாமா? அதைத் தருகிற மையமே தரமான மையம் என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.